மாதம்மா எம்., ஜூன் ஒன்று

மாதேவியைப் போல் பயந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு பி.ஜி. விடுதியில் இருக்கிறாள். அறையைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்குவாள், திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் டிக்கெட்டை இறங்கும்வரை கையிலேயே பிடித்திருப்பாள். வியர்வையில் அதன் எழுத்தெல்லாம் அழிந்துபோகும். மேனேஜர் கூப்பிட்டால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, தலைமையாசிரியர் அறைக்குப் போகிற மாதிரி போவாள். முப்பத்திரண்டு வயது, ஒன்பது வருட அனுபவம், எங்கள் கம்பெனியின் அடிப்படைப் புரோகிராமில் கை வைக்க அனுமதி உள்ள இரண்டே பேரில் ஒருத்தி. உனக்கென்ன பயம் என்று நான் அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அத்தனைக்கும் சேர்த்து ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் ஹம்ஸா. அதே கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சம்பளம் நின்றுபோனாலும் இவள் அந்த வேலையை நிறுத்த மாட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கொள்ளேகாலைத் தாண்டி ஒரு உலகம் இருப்பது எனக்குக் கோயில் பயணமாக மட்டுமே தெரியும். இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் நடந்ததில் என் பங்கு இதிலிருந்துதான் வந்தது.

குவெம்புநகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கல்லூரிகளுக்கான ஆன்லைன் படிப்புத் தளம் ஒன்றை நடத்துகிறோம். பாடம், வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க் எல்லாம் அதில்தான். நாற்பது கல்லூரிகள் அதை நம்பி இருக்கின்றன. அந்தத் தளத்தின் அடிப்படைப் புரோகிராமைத்தான் கோர் என்கிறோம். ஒரு கல்லூரிக்கு மட்டும் வேண்டிய வசதியைத் தனியாக எழுதி ஓரத்தில் மாட்டிவிடலாம். அது கெட்டால் அந்த ஒரு கல்லூரிதான் திட்டும். கோரில் கை வைப்பது வேறு. அபார்ட்மெண்டில் ஒரு வீட்டுக் குழாயைத் திருகுவதற்கும் மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் திருகுவதற்கும் உள்ள வித்தியாசம்.

மாதேவிக்கு ஊர் ஹனூர் தாலுக்கா ராமாபுரம். அப்பா மாதப்பன் மக்காச்சோளமும் ராகியும் போடுகிற விவசாயி. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், மைசூரில் எம்.சி.ஏ. படிக்க வந்தால் எல்லாம் இங்கிலீஷ். எதைப் பேசினாலும் சிரிப்பார்களோ என்று பயந்து மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். எங்களிடம் முதலில் டேட்டா என்ட்ரிக்கு வந்தாள். கல்லூரிகள் அனுப்பும் பட்டியலைப் பார்த்து மாணவர் பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலை. அங்கிருந்து தானே கற்றுக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பயந்து பயந்து ஏறி, கோர் வரைக்கும் வந்தாள். அந்தப் பயத்தில் ஒரு லாபம் உண்டு. அவள் எழுதியதில் எனக்குக் குறையே கிடைக்காது. எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான்.

ஜூன் ஒன்று அவள் பிறந்தநாள். கீழே பேக்கரியிலிருந்து கேக் வரும். முதல் வருடம் அதைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்குங்க" என்று அழுதுவிட்டாள். அதற்கு முன்னால் அவள் கேக் வெட்டியதே இல்லை. அப்புறம் பழகிவிட்டது. இப்போது அந்த நாளுக்கென்று புதுச் சுடிதார் எடுக்கிறாள். கேக்கில் அவள் பேருக்கு மேலே ஒரு செர்ரிப்பழம் இருந்தே ஆக வேண்டும்.

சென்ற வருடம் எங்களுக்கு ஒரு தலைவலி வந்தது. கல்லூரிக்காரர்கள் வருடாவருடம் மாணவர் பட்டியலை மறுபடி ஏற்றுவார்கள். ஏற்றும்போது ஒரே பிள்ளைக்கு இரண்டு கணக்கு, மூன்று கணக்கு உண்டாகிவிடும். பாதி மார்க் ஒன்றில், பாதி மார்க் இன்னொன்றில் கிடக்கும். இப்படி இரட்டித்த கணக்குகளைக் கண்டுபிடித்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். வேலை மாதேவிக்கு வந்தது. பதிவு எண் வருடத்துக்கு ஒன்று மாறுகிறது, செல் நம்பர் சிம்மோடு போகிறது. மாறாதவை பெயர், அப்பா பெயரின் முதலெழுத்து, பிறந்தநாள். ஒரே கல்லூரியில் இந்த மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று அவள் விதி எழுதினாள். அதைத் தனியாக ஓரத்தில் வைத்து, சேர்ப்பதற்கு முன் கல்லூரியைக் கேட்கிற மாதிரிதான் முதலில் செய்திருந்தாள்.

மேனேஜர் உதயகுமாருக்கு அது பிடிக்கவில்லை. கோலார் பக்கத்துத் தமிழர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஒரு நாள் முன்னாலேயே முடித்துவிட வேண்டும் அவருக்கு. "இங்க நோடும்மா, காலேஜ்காரங்க எந்தக் காலத்துல பட்டனை அழுத்தியிருக்காங்க? கேக்கறதெல்லாம் பேடா, வேண்டாம். கோர்லயே போடு. அதுவா சேத்துக்கட்டும்."

மாதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், பார்த்தேன். அப்புறம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க சார்" என்றாள்.

அதை டெஸ்ட் செய்தது நான். என்னிடம் பல வருடமாக ஒரு சோதனைப் பட்டியல் இருக்கிறது. என் தம்பி கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே இருந்த பெயர்களை வைத்து உண்டாக்கியது. ஸ்ரீகண்டன், மீனாக்ஷி, அபிஜித், கௌரிசங்கர், பிரதிபா. எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில் பிறந்து, நட்சத்திரம் குறித்து, ஜாதகம் எழுதிய பிறந்தநாள். யாருக்கும் யாரோடும் இடிக்கவில்லை. பாஸ் என்று போட்டேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு அது கோரில் ஏறியது. அன்றைக்கே நானூற்றுப் பதினெட்டு கணக்குகளைச் சேர்த்து முடித்தது. உதயகுமார் எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உதவி எண்ணில் ஒரு பெண் கூப்பிட்டாள். கொள்ளேகால் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி, கடைசி வருடம். கன்னடத்தில் ஆரம்பித்தாள். நடுவில் யாரிடமோ தமிழில் பேசியது கேட்டு நானும் தமிழுக்கு மாறினேன்.

"மேடம், நான் எழுதாத டெஸ்டுக்கு எனக்கு மார்க்கு வந்திருக்குதுங்க."

"வந்தா வெச்சுக்கோயேன்மா," என்றேன். காலை நேரம், விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"இல்லீங்க மேடம். அது எங்க கிளாஸ்ல இன்னொரு மாதம்மாவோட மார்க்குங்க. நானும் மாதம்மா எம்., அவளும் மாதம்மா எம். இப்ப லிஸ்ட்ல நான் மட்டும்தான் இருக்கறன். அவ பேரே இல்லீங்க. வெள்ளிக்கிழமை பேக்கை எடுத்துட்டு எங்கியோ போயிட்டா. போனு ஸ்விட்ச் ஆஃப். நாளன்னிக்குப் பிராக்டிகல் பரீட்சைங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அவ பிறந்தநாள் என்னம்மா?"

"என்ற பிறந்தநாள்தானுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஹெட்மாஸ்டர். எல்லாத்துக்கும் ஜூன் ஒண்ணுன்னு எழுதிருவாரு."

போனை வைத்துவிட்டு மாதேவி மேஜைக்குப் போய்ச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. தானே விளக்கினாள், எனக்குச் சொல்வதைவிடத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"அக்கா, மாதேஸ்வரன் மலையடிவாரத்துல வீட்டுலயே பொறக்கற புள்ளைக்குத் தேதி யாரு எழுதி வெக்கறாங்க. ஸ்கூல்ல சேக்கும்போது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லுவாங்க. தொட்டா வயசு ஆயிருச்சுன்னு அர்த்தம். ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதனால ஜூன் ஒண்ணுன்னு போட்டிருவாங்க. என்ற கிளாஸ்ல இருபத்தேழு பேருக்கு ஜூன் ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் அப்படித்தானுங்க போட்டாங்க. மறந்தே போயிட்டனே அக்கா."

மறக்கத்தான் செய்வாள். ஒன்பது வருடம் நாங்கள் கேக் வாங்கி வெட்டவைத்து மறக்கடித்திருக்கிறோம். பேருக்கும் இதே கதைதான். மலையில் இருக்கிற மாதேஸ்வரனை வைத்து அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு மாதம்மா, மாதேவி, மாதப்பன். அப்பாக்கள் எல்லாரும் எம். மைசூரில் ஒரு ஆளை மட்டும் பிடிக்கிற விதி அங்கே போனால் வகுப்பையே அள்ளிவிடும். அந்த ஊர்க்காரி எழுதினாள், அந்த ஊரே தெரியாதவள் பாஸ் போட்டேன்.

மாதேவி தளத்தில் தேடினாள். சேர்த்த நானூற்றுப் பதினெட்டில் ஐம்பத்து நான்குக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. சாமராஜநகர், கொள்ளேகால், ஹனூர். இதில் எத்தனை உண்மையிலேயே ஒரே ஆள், எத்தனை இரண்டு ஆள் என்று தளத்தைப் பார்த்து இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. விதி பழைய கணக்கை வைத்துக்கொண்டு புதியதை அழித்துவிட்டது. பழைய நிலை ஒரு பேக்கப்பில் இருந்தது. பேக்கப் ஏழு நாளைக்குத்தான். எட்டாம் நாள் தானாக அழியும்.

"நாளைக்குப் பதினோரு மணி," என்றாள் மாதேவி. "அதுக்கப்புறம் அந்தப் புள்ளைங்க இருந்ததுக்கு அடையாளமே இருக்காதுக்கா."

அழிந்த கணக்கில் ஒருவர் நுழைய முயன்றால் என்ன வரும் என்று நான் போட்டுப் பார்த்தேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. 'இப்படி ஒரு மாணவர் இல்லை.' அந்த வரியைச் சரிபார்த்ததும் நான்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

மாதேவி கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன் செய்தாள். வார்டன், அந்தப் பெண் வெள்ளிக்கிழமை போனவள் வரவில்லை என்றார். வீட்டுக்குச் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, லிஸ்டிலேயே பேர் இல்லாத பெண்ணைப் பற்றி யாருக்குச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். மாதேவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இருபத்தொரு வயதுப் பெண், பரீட்சைக்கு முன்னால், ஹாஸ்டலை விட்டு, போனை அணைத்துவிட்டு. இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியது. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனோம்.

உதயகுமார் முழுக்கக் கேட்டார். அவருக்கும் பயம் வந்துவிட்டது, நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த ரெண்டு பொண்ணுங்களை மட்டும் சத்தமில்லாம பிரிச்சிடு. மத்தவங்க யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலை, அல்லவா? முழுசா பண்ணணும்னா சைட்டை மூடணும். நாப்பது காலேஜுக்கும் லெட்டர் எழுதணும். யார் பண்ணதுன்னு கேப்பாங்கம்மா. கோர்ல யார் கை வெச்சாங்கன்னு பேரோட இருக்கு."

இந்த இடத்தில் மாதேவி 'சரிங்க சார்' சொல்வாள் என்று நான் நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அவங்க கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்க. பயந்துட்டு சும்மா இருப்பாங்க. நாந்தான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சுக்குவாங்க. எனக்குத் தெரியுமுங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பன்." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என்ற பேரைப் போட்டே லெட்டர் எழுதுங்க சார். சைட்டை இப்பவே மூடோணும்."

டெஸ்டர் பெயரையும் போடுங்கள் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வீட்டுக் கடன், பெண்ணின் பள்ளிக்கூடம் என்று என்னென்னவோ குறுக்கே வந்தது. சும்மா நின்றேன்.

உதயகுமார் போனை எடுத்தார். பன்னிரண்டரைக்குத் தளத்தை மூடினோம்.

பேக்கப்பிலிருந்து ஐம்பத்து நான்கு கணக்கையும் பிரித்து எடுத்தாள் மாதேவி. அதோடு முடியவில்லை. இடைப்பட்ட ஆறு நாளில் எழுதிய டெஸ்டெல்லாம் சேர்ந்த கணக்கில் கிடந்தன. எது யாருடையது என்று பிள்ளைகளுக்குத்தான் தெரியும். பேக்கப்பில் இருந்த செல் நம்பர்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். முப்பத்தோரு இடத்தில் அவர்கள் இரண்டு ஆள்தான். முப்பத்தோரு பிள்ளைகளை நாங்கள் அழித்திருந்தோம். அதில் ஒருவர்கூட யாரிடமும் கேட்கவில்லை. பாஸ்வேர்டு தப்பாகப் போட்டுவிட்டேனென்று நினைத்தேன் என்றாள் ஒருத்தி. என் போன் சரியில்லை என்றான் ஒருவன். ஹனூரில் ஒரு பையன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். எதுக்குப்பா என்றால், தெரியலீங்க மேடம், நான் என்ன பண்ணிட்டேன்னு தெரியலீங்க என்றான். போனை மூடிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஏழரை மணிக்குத் தளம் திறந்தது. முப்பது பேர் கிடைத்துவிட்டார்கள். ஒரே ஒரு எண் மட்டும் கடைசிவரைக்கும் ஸ்விட்ச் ஆஃப். மாதம்மா எம். அவள் கணக்கு திரும்பி வந்துவிட்டது, மார்க் வந்துவிட்டது, வியாழக்கிழமை பரீட்சைப் பட்டியலில் பேரும் ஏறிவிட்டது. ஆள் இல்லை. காலையில் போன் செய்த மாதம்மாவை மாதேவி கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாதேஸ்வரன் மலையில் காணாமல்போனவளின் அத்தை லிங்கம்மா கடை வைத்திருக்கிறார், வீட்டுக்குப் போகப் பயந்தால் அங்கேதான் போவாள்.

மறுநாள் விடிந்ததும் பஸ்ஸில் இருந்தோம். நானும் வருகிறேன் என்று சொன்னபோது மாதேவி ஆச்சரியப்பட்டாள். கொள்ளேகாலில் மலை பஸ் மாறினோம். வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், டிக்கெட் இன்னொரு கையில் கசங்கிக்கொண்டிருந்தது. காடு ஆரம்பித்ததும் பேசினாள்.

"அக்கா, அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன பண்ணுவன்?"

"பிடு, விட்டுடு மாதேவி, சும்னே எதையும் நெனைக்காதே," என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. "பாஸ் போட்டது நான். உதயகுமார்கிட்ட நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள்.

மலையில் பத்தரை மணி வெயில். தேங்காய், கற்பூரம், எலுமிச்சை, லட்டுக் கவர்கள். சேலம் பஸ் ஒன்றிலிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் கடையில், "இங்க மாதம்மான்னு ஒரு பொண்ணு" என்று நான் ஆரம்பித்ததும் கடைக்காரர், "எந்த மாதம்மாங்க? என்ற பொண்டாட்டி பேருகூட மாதம்மாதான்" என்றார். அடுத்த கடையில் இரண்டு மாதம்மாக்கள் இருந்தார்கள், இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். லிங்கம்மா கடை என்று கேட்டபிறகுதான் வழி காட்டினார்கள்.

கடையில் பலகை சாத்தியிருந்தது. பக்கத்துக் கடைக்காரம்மா பூ கட்டிக்கொண்டே, "லிங்கம்மா கொள்ளேகாலுக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்குது" என்றார்.

"இங்க நர்சிங் படிக்கிற புள்ள ஒண்ணு," என்றாள் மாதேவி.

"அந்தப் புள்ளையா. யார்கிட்டயும் பேசறதில்ல, சோறு திங்கறதில்ல. காலையில தனியா குளத்துப் பக்கம் போச்சு. இன்னும் வரலை."

மாதேவி ஓடினாள். நான்கு படி இறங்கித் திரும்பிப் பார்க்கிறவள், படிகளைப் பார்க்காமல் ஓடினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். குளத்தைச் சுற்றி மொட்டை போட்ட பிள்ளைகளும் ஈரத்துணியோடு ஆட்களும் நிறைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு பெண் முகமாகப் பார்த்தோம். எந்த முகத்தைத் தேடுகிறோம் என்றே தெரியாது, தளத்தில் இருந்த தபால்தலை அளவு போட்டோவைத் தவிர. தண்ணீரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் பயந்ததுபோல் நான் எப்போதும் பயந்ததில்லை.

கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஓரத்துக் குழாயடியில் ஒரு பெண் உட்கார்ந்து கடைப் பித்தளைத் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுக்கி வைத்த தட்டுகள் மின்னிக்கொண்டிருந்தன, தேய்த்தவற்றையே மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதம்மா," என்றாள் மாதேவி.

அவள் நிமிர்ந்தாள். எங்கள் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது, அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை எங்களுக்கு. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஐ.டி. கார்டை ஹாஸ்டல்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க," என்றாள். "யூனிபார்மும் அங்கியேதான் இருக்குது. நான் ஒண்ணும் எடுத்துட்டு வரலீங்க. வீட்டுக்கு மட்டும் சொல்லாதீங்க."

எங்களை, அவளிடமிருந்து பாக்கியிருப்பதைப் பிடுங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள். நான்தான் சொன்னேன், தப்பு எங்களுடையது, உன் பேர் திரும்ப வந்துவிட்டது என்று. அவள் நம்பவில்லை.

"மூணு தடவை போட்டுப் பாத்தனுங்க. இப்படி ஒரு மாணவர் இல்லைன்னு வந்துதுங்க. மார்க்கு பத்தலைன்னு எடுத்துட்டாங்கன்னு நெனச்சன்."

"யாரையாவது கேட்டிருக்கலாமேம்மா?"

"இல்லாதவ போயி யாரைக் கேக்கறதுங்க," என்றாள். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாதேவி தன் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். மலையில் சிக்னல் ஒரு கோடுதான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி பதினொன்றாக ஐந்து நிமிடம். எல்லாம் எடுத்தாகிவிட்டது, சரிபார்த்தாகிவிட்டது, பேக்கப் அழிந்தால் இனி ஒன்றும் ஆகாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் மாதேவி கண்ணை மூடிக்கொண்டாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தச் சின்ன போட்டோ வந்தது. கீழே பெயர், பதிவு எண், வரிசையாக மார்க். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். எல்லாம் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னைத் திரும்பப் போட்டதுல அந்த மாதம்மாவுக்கு ஒண்ணும் போயிடலீங்களே?"

"இல்ல கண்ணு," என்று சொல்லிவிட்டு மாதேவி படியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்காக அந்தப் பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே அவளை ஹாஸ்டலில் விட்டோம். வியாழக்கிழமை பரீட்சை எழுதினாள். உதயகுமார் அனுப்பிய கடிதத்தில் யார் பெயரும் இல்லை, 'நாங்கள் தவறு செய்துவிட்டோம்' என்று மட்டும் இருந்தது. நான் அவரிடம் போய் என் பங்கைச் சொன்னேன். தெரியும்மா, என் பங்கு உன்னதைவிடப் பெரிசு என்றார். விதி கோரிலிருந்து வெளியே வந்துவிட்டது. இப்போது கல்லூரியைக் கேட்டபிறகுதான் சேர்க்கும், அவர்கள் பட்டனை அழுத்த எத்தனை நாள் ஆனாலும். இந்த ஜூன் ஒன்றாம் தேதி கேக் வாங்கலாமா என்று கேட்டதற்கு மாதேவி வேண்டாம் என்று தலையாட்டினாள். நிஜப் பிறந்தநாள் எது என்று கேட்டேன். சோளம் அறுக்கும்போது என்று அம்மா சொல்லும் என்றாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை.

என் சோதனைப் பட்டியலில் இப்போது இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. மாதம்மா எம்., ஜூன் ஒன்று. அதற்குக் கீழே மறுபடியும் மாதம்மா எம்., ஜூன் ஒன்று. கோரில் யார் எதைத் தொட்டாலும் அந்தப் பட்டியலை ஓட்டாமல் நான் பாஸ் போடுவதில்லை. ஓட்டுகிற பட்டனை அழுத்தும்போது ஒவ்வொரு தடவையும் மாதேவி தன் இடத்திலிருந்து எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்கிறாள். திரையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

"ரெண்டு பேரும் இருக்காங்களா அக்கா?"

நான் மேலிருந்து கீழே ஒரு தடவை எண்ணி, மறுபடியும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

"இருக்காங்க மாதேவி. ரெண்டு பேரும் இருக்காங்க."